கரண்ட் போனால் வருகிறவர்

"கீழ யாரு இருக்காங்க?"

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. தொட்டி எத்தனை அடி வேண்டும், எந்த மீன் விடப் போகிறீர்கள் என்றெல்லாம் கேட்பார் என்று பதில்களைத் தயாராக வைத்திருந்தேன். மனிதர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தார், நோயாளிகள் காத்திருக்கும் அறையின் தரையைக் குதிகாலால் இரண்டு தட்டுத் தட்டினார், இதைக் கேட்டார்.

"தையல் கடைங்க. ஒரு அக்கா ஜாக்கெட் தைக்கிறாங்க," என்றேன்.

"அவங்க எந்த எடத்துல ஒக்காருவாங்க?"

எனக்கு எப்படித் தெரியும்? ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் சாலையைப் பார்த்த அந்த மாடியில் பல் கிளினிக் வைத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அக்காவிடம் பத்து ஜாக்கெட்டாவது தைத்திருப்பேன். அவர் அறையின் எந்த மூலையில் உட்காருகிறார் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. வந்தவர் என் பதிலுக்குக் காத்திருக்காமல் படியிறங்கிப் போனார். கால் மணி நேரம் கழித்து அவர் மேலே வந்தபோது பின்னாலேயே தையல் அக்காவும் வந்தார், கழுத்தில் அளவு நாடாவோடு.

"ஏன் டாக்டரம்மா, இந்தாளு என் மிஷின தள்ளிப் போட்டுக்கோங்கறாரு. நீங்க தொட்டி வெக்கிற செவுத்துக்கு நேர் கீழ இருக்குதாம். வெளிச்சம் எனக்கு அங்கதான வருது? நா ஊசி கோக்கறது எப்பிடி?"

"ஒரு கை தூரம் தள்ளினா போதும்மா," என்றார் அவர்.

"நீங்க மேல வெக்கிறத தள்ளி வெய்யுங்களேன்!"

அக்கா சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எனக்கு அந்தச் சுவர்தான் வேண்டும். படியேறி வருகிறவர் கண்ணில் முதலில் படுவது அதுதான். என்னோடு படித்த ஒருத்தி சென்னையில் தன் கிளினிக்கில் கடல் மீன் தொட்டி வைத்துப் படம் படமாக அனுப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்குத் திருப்பி அனுப்ப எனக்கும் படம் வேண்டியிருந்தது. பொறாமைதான், வேறென்ன சொல்ல. ஆகவே நானும் தள்ளவில்லை, அக்காவும் தள்ளவில்லை.

லாஸ்பேட்டையில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை அவருடையது. கண்ணாடி அறுத்து, ஒட்டி, கடல் மீன் தொட்டிகள் செய்து தருவார். பெயர் தெரியும், எழுதப் போவதில்லை. எழுதாமல் விடுவதற்கு என்ன காரணம் என்பது போகப்போகத் தெரியும். ஐம்பது வயது இருக்கும். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டில் பொத்தான் போட்டிருப்பார். பேசும்போது வாயைப் பார்ப்பது என் தொழில் புத்தி. அவருடைய கடைவாய்ப் பற்களெல்லாம் மேடு இல்லாமல் மழுங்கிக் கிடந்தன. தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறவர்களுக்கு அப்படி ஆகும். ஒரு தடவை ஓசியிலேயே பார்க்கிறேன், சாய்ந்து உட்காருங்கள் என்றேன். நாற்காலியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"கரண்ட் போச்சுன்னா இது எறங்குமா, அப்பிடியே நிக்குமா?"

"இன்வெர்ட்டர் இருக்கு அண்ணே."

"அதுவும் போச்சுன்னா?"

கடைசி வரை அவர் அதில் உட்காரவில்லை.

இதுதான் அவர். எதைக் காட்டினாலும் அது நின்றுபோன பிறகு என்ன ஆகும் என்றுதான் பார்ப்பார். மீன்களைப் பார்க்கவே மாட்டார். ஆரஞ்சு வரிபோட்ட கோமாளி மீன் ஒன்று அவர் கைக்குப் பக்கத்தில் வந்து நின்று வேடிக்கை பார்க்கும். அவர் குழாயின் மூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

நம் ஊரில் சம்ப் என்றால் வீட்டு வாசலில் மண்ணுக்குள் கட்டுகிற தண்ணீர்த் தொட்டி. கடல் மீன் வளர்ப்பவர்கள் சொல்லும் சம்ப் வேறு. மேலே நாம் பார்க்கிற கண்ணாடித் தொட்டியில் மீனும், பண்ணையில் வளர்த்த பவளத் துண்டுகளும் இருக்கும். அதற்கு அடியில், அலமாரிக்குள், இன்னொரு கண்ணாடித் தொட்டி மறைந்திருக்கும். மேலே வழிகிற தண்ணீர் ஒரு குழாயில் கீழே இறங்கி, அங்கே அழுக்கு நீங்கி, மோட்டார் வழியாக இன்னொரு குழாயில் மேலே ஏறும். அந்தக் கீழ்த்தொட்டிதான் சம்ப். நோயாளிகள் யாரும் அதைப் பார்க்கப் போவதில்லை என்பதால் எனக்கு அதில் அக்கறையே இல்லை. அவருக்கு அது மட்டும்தான் தொட்டி.

மூன்று சம்புகளைத் தன் டாட்டா ஏஸில் ஏற்றிக்கொண்டு வந்து என் அறையில் வரிசையாக வைத்தார். சின்னது, நடுத்தரம், பெரியது. பெரியது அலமாரியை முழுதாக அடைத்துக்கொண்டது. ஆனால் அதன் பக்கவாட்டில், பாதிக்கும் கீழே, சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு போட்டிருந்தார்.

"இந்தக் கோட்டுக்கு மேல எப்பவுமே தண்ணி ஊத்தக் கூடாது."

"பாதிக்கு மேல காலியா விடுறதுக்கா இவ்ளோ பெரிசு? அந்த எடத்துல நா கையுறை டப்பா அடுக்குவேன் அண்ணே."

"காலியா இருக்கற எடந்தாங்க சம்பு. மிச்சமெல்லாம் சும்மா."

பிறகு மூன்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னார். "இந்தப் பெரிசு, எவன் என்ன தப்பு பண்ணாலும் வாங்கிக்கும். நடுவுல இருக்கறது, தப்பு பண்ணாதவங்களுக்கு. சின்னது கடவுளுக்குத்தான் சரி வரும். கேக்கறாங்க, வித்துட்டு இருக்கேன். வீட்டுல எறக்கி வெச்சிட்டு எனக்குத் தூக்கம் வர்றதில்ல."

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருடமாக வாய்க்குள் ஊசி முனையால் வேலை செய்கிறவள் நான். என்னைப் பார்த்துத் தப்பு பண்ணுவாய் என்கிறாரே. "நா தப்பு பண்ண மாட்டேன். நடுவுல இருக்கறத வையுங்க," என்றேன். அவர் வாதாடவில்லை. பெரியதைத் திரும்ப வண்டியில் ஏற்றும்போது மட்டும் தையல் கடையின் உத்தரத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

வேலை முடிந்த அன்று அவர் செய்ததை நான் வேறு எந்தத் தொழில்காரரிடமும் பார்த்ததில்லை. தொட்டி நிறைந்து, விளக்கு எரிந்து, நானும் என் உதவியாளரும் கைதட்டிக்கொண்டிருக்கும்போது, மனிதர் குனிந்து ப்ளக்கைப் பிடுங்கினார். மோட்டார் நின்றது. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சம்பையே பார்த்தார். தண்ணீர் ஏறியது. சிவப்புக் கோட்டைத் தாண்டியது. விளிம்பை நெருங்கியது. நான்கு விரற்கடை மிச்சம் இருக்கும்போது மேலே 'க்ளக்' என்று ஒரு சத்தம், தண்ணீர் நின்றது. அதுவரை அவர் கண் சிமிட்டியதாக எனக்கு ஞாபகம் இல்லை.

"எது நிறுத்துச்சு தெரியுமா?" என்று எழுந்து காட்டினார். கரண்ட் நின்றால், தண்ணீரை மேலே ஏற்றுகிற குழாய் தலைகீழாக வேலை செய்து மேல்தொட்டியை உறிஞ்சிக் கீழே கொட்ட ஆரம்பிக்கும். அலையடித்தால் மீன் தெளிவாகத் தெரியாது என்று நான் அடம்பிடித்ததால் அந்தக் குழாயின் வாயை ஒரு சாண் ஆழத்தில் இறக்கியிருந்தார். அவ்வளவு தண்ணீரும் கீழே வந்தால் நடுத்தர சம்ப் தாங்காது. அதனால் தண்ணீர் மட்டத்தை ஒட்டிக் குழாயில் ஒரு சின்ன ஓட்டை போட்டிருந்தார், தீக்குச்சி நுழைகிற அளவு. மட்டம் கொஞ்சம் இறங்கியதும் ஓட்டை வழியாகக் காற்று புகும், உறிஞ்சல் அறுந்துவிடும். அவ்வளவுதான் சூட்சுமம்.

"உப்பு அடைச்சிக்கும். வாரத்துக்கு ஒருவாட்டி குத்தி விடணும். அதுக்குன்னு வால்வு விக்கறான், அத நம்பாதீங்க. ஓட்டதான் உயிரு."

உயிர் என்று அவர் சொன்னபோது மீன்களின் உயிர் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஆரம்பித்தது தொல்லை. எங்கள் பக்கம் கரண்ட் போனால் அரைமணி நேரத்தில் கீழே அவருடைய பழைய டிவிஎஸ் வந்து நிற்கும். பராமரிப்புக்காக மின்தடை என்று பேப்பரில் வருகிற அறிவிப்புகளைக் கத்தரித்துச் சட்டைப் பையில் மடித்து வைத்திருப்பார். அறிவிக்காமல் போகிற கரண்ட் எப்படித் தெரிகிறது என்று கேட்டால், "இந்தப் பக்கம் வந்தேன், சிக்னல் அணைஞ்சிருந்துச்சு," என்பார். மேலே வந்து அலமாரியைத் திறந்து சம்பின் முன்னால் உட்காருவார், பல்குத்தும் குச்சியால் ஓட்டையைக் குத்திவிடுவார், கரண்ட் வரும்வரை எழுந்திருக்க மாட்டார். மங்கலான அறையில் பேசாமல் ஒருவர் தரையில் உட்கார்ந்திருப்பதை, பல்வலியோடு வருகிறவர்கள் எப்படிப் பார்ப்பார்கள்? ஒரு அம்மாள் என் காதில், "யாருக்காவது காரியம் ஆயிருச்சா?" என்று கேட்டார்.

ஏன் இப்படி ஓடி வருகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன்.

"உப்பளம் ஏரியால ஒரு வீடு," என்றார். "கரண்ட் போனப்போ தண்ணி எறங்கிடிச்சி. தரையெல்லாம் உப்புத் தண்ணி. வீட்டுக்காரரு தொடைக்கலாம்னு வெறுங்காலோட நின்னாரு. கரண்ட் வந்திடிச்சி." குச்சியைத் துடைத்தபடி, "கரண்ட் போறது ஒண்ணும் பண்ணாதுங்க. வர்றதுதான்," என்றார். உண்மையைச் சொன்னால், அன்றிலிருந்து அவர் வண்டிச் சத்தம் கேட்டாலே என் காலில் செருப்பு இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். தையல் அக்கா மட்டும் சிரித்துக்கொண்டே, "வந்துட்டாருப்பா எமன்," என்பார்.

ஒரு நாள் ஒருவருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பாதியில் கரண்ட் போனது, இன்வெர்ட்டர் எடுத்துக்கொண்டது. பத்து நிமிடத்தில் திறந்த கதவு வழியாக டார்ச் வெளிச்சத்தோடு அவர் அறையைக் கடக்க, நோயாளி திடுக்கிட்டுத் தலையைத் திருப்ப, வேர் உள்ளேயே நிற்கப் பல் முறிந்தது. எனக்கு வந்த கோபத்தில் எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன்.

"இனிமே கூப்பிட்டா மட்டும் வாங்க. கரண்ட் போச்சு, மழை வந்துச்சுன்னு வந்து நிக்காதீங்க. இது ஆஸ்பத்திரி!"

அவர் டார்ச்சை அணைத்தார். "சரிங்க. ஓட்டைய மட்டும் குத்தி விடுங்க." பல்குத்தும் குச்சி டப்பாவை அலமாரி மேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுத் தொட்டியையும் இன்வெர்ட்டரில் இணைக்கச் சொன்னேன். இனிமேல் கரண்ட் போனாலும் மோட்டார் நிற்காது, யாரும் வந்து உட்கார வேண்டாம். எனக்கு நிம்மதி.

இன்னொரு தொந்தரவு பாக்கி இருந்தது. வெயில் நாளில் தண்ணீர் ஆவியாகி சம்பில் குறைந்தால் மோட்டார் திணறும், மேலேயும் மட்டம் கொஞ்சம் இறங்கி அந்த ஓட்டை வெளியே தெரியும், தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு சீறும். அந்தச் சத்தம் அப்படியே பல் குடையும் மெஷின் சத்தம். காத்திருக்கிறவர்கள் முகம் வெளுப்பார்கள், இரண்டு பேர் எழுந்தே போய்விட்டார்கள். மட்டம் இறங்காமல் தினமும் தண்ணீர் ஊற்ற எனக்குப் பொறுமை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை தனியாக வந்தேன். மோட்டாரை நிறுத்தி, காற்றைப் பாய்ச்சி ஓட்டையை உலர்த்தி, சொத்தைப் பல்லை அடைக்கிற வெள்ளைப் பசையை வைத்து அழுத்தி, நீல விளக்கைக் காட்டி இறுக்கினேன். வழவழப்பாக்கி மெருகும் ஏற்றினேன். ஓட்டை இருந்த இடமே தெரியவில்லை. சத்தமும் நின்றது. அவ்வளவு அழகான அடைப்பை எந்த வாயிலும் நான் செய்ததில்லை என்று எனக்கே பெருமையாக இருந்தது. ப்ளக்கைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும் என்று தோன்றவில்லை.

இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. நடுவில் எத்தனையோ முறை கரண்ட் போனது, இன்வெர்ட்டர் இருந்ததால் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரு சனிக்கிழமை, காலையிலிருந்தே மின்தடை. மதியம் நானும் உதவியாளரும் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தபோது இன்வெர்ட்டரும் தீர்ந்தது. மோட்டார் நின்றது. உறிஞ்சலை அறுக்க எதுவும் இல்லை. சம்ப் நிறைந்து, வழிந்து, அத்தனை உப்புத் தண்ணீரும் தரையில் ஓடி, ஃபேன் கொக்கிக்காக எப்போதோ துளைத்த இடத்தின் வழியாகக் கீழே இறங்கியது. நேர் கீழே அக்காவின் மிஷின். மோட்டார் வைத்த மிஷின், காலால் அமுக்குகிற சுவிட்ச் தரையில்.

அக்காவும் சாப்பிடப் போயிருந்தார். கரண்ட் வந்துவிட்டது என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னதும், ஒரு கல்யாண ஜாக்கெட்டை முடிக்க வேண்டுமென்று ஓடி வந்திருக்கிறார். மிஷின் மேல் ஈரத்தைப் பார்த்து, என்னடா இது என்று கையால் துடைத்திருக்கிறார்.

உயிர் போகவில்லை. வலது கை வெந்துபோனது. ஆறின பிறகும் நான்கு விரல்கள் மடங்கியே நின்றுவிட்டன. அந்தக் கையால் அவரால் இன்று ஒரு ஊசியை எடுக்க முடியாது.

மறுநாள் கிளினிக்கில் எல்லோரும் கூடினார்கள். அக்காவின் வீட்டுக்காரர் அழுதுகொண்டே கத்தினார். கட்டடத்துக்குச் சொந்தக்காரர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து அங்கே பென்ஷன் வாங்கும் பழைய சொல்தா, ஃபோனில் கத்தினார். தொட்டி செய்தவனைக் கூப்பிடு என்றார்கள். அவர் வந்தார். யாரையும் பார்க்கவில்லை. சட்டைக் கையை முதல்முறையாகச் சுருட்டிக்கொண்டு, மேல்தொட்டிக்குள் கைவிட்டுக் குழாயைக் கழற்றி எடுத்தார். ஓட்டை இருக்க வேண்டிய இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். நகத்தால் கீறிப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என் கைகளைப் பார்த்தார், முகத்தை அல்ல.

இப்போது சொல்லப் போகிறார் என்று நின்றேன். அவர் சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும் என்றும் நினைத்தேன். சொல்லவில்லை.

"ஓட்ட போட மறந்துட்டேன்," என்றார் அவர். "என் தப்புதான்."

அக்காவின் வீட்டுக்காரர் அவரை அறைந்தார். அவர் தடுக்கவில்லை. குழாயைத் துண்டில் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போனார். ஒரே வாரத்தில் செய்தி ஊர் முழுக்கப் பரவியது. தொட்டிக்காரன் ஓட்டை போடாமல் விட்டானாம், ஒரு பொம்பளை கை போச்சாம். அவரிடம் வாங்கியவர்கள் தொட்டியைக் காலி செய்தார்கள், புதிதாக யாரும் வரவில்லை.

மூன்று வாரம் தூங்காமல் கிடந்துவிட்டு லாஸ்பேட்டைக்குப் போனேன். கொட்டகையில் அறுக்காத கண்ணாடிகள் சுவரோரம் சாய்ந்திருந்தன. என் குழாய் ஒரு ஆணியில் தொங்கியது. இதை அவர் ஏன் தூக்கிப் போடவில்லை என்று எனக்குப் பயமாக இருந்தது.

"ஏன் அண்ணே அப்பிடிச் சொன்னீங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து பேப்பர் துண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அந்தச் சனிக்கிழமை மின்தடை அறிவிப்பு. ரெட்டியார்பாளையம் என்ற இடத்தில் பேனாவால் கோடு போட்டிருந்தது.

"காலையிலயே பாத்தேன். சட்டய மாட்டி வண்டியும் எடுத்துட்டேன். நீங்க வராதீங்கன்னு சொன்னது ஞாபகம் வந்திச்சி. திரும்ப உள்ள வந்து கழட்டிப் போட்டுட்டேன். ஒருத்தர் திட்டுனாங்கன்னு வராம இருந்தேன் பாத்தீங்களா, அது என் தப்பு. அதத்தான் சொன்னேன்."

"என்னோடது?"

"அது உங்ககிட்ட இருக்குது. அதயும் நா தூக்கிட்டுப் போவ முடியாதுங்க." கண்ணாடித் தூசியை வாயால் ஊதினார். "அந்தம்மாகிட்ட சொல்லணும்னா சொல்லுங்க. சொல்லலன்னாலும் நா வந்து சொல்ல மாட்டேன்."

வரும் வழியிலேயே சொல்லிவிடுவதாக இருந்தேன். அக்கா வீட்டு வாசல் வரை போனேன். அவர் கட்டுப் போட்ட கையோடு வந்து, "டாக்டரம்மா, ஆஸ்பத்திரி செலவு மொத்தமும் கட்டுனீங்க, நீங்க மட்டும் இல்லன்னா நா என்ன ஆவேன்," என்று என் தோளில் சாய்ந்து அழுதார். அவர் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டுத் திரும்பி வந்தேன். தைரியம் இல்லை என்பதை வேறு எப்படிச் சொன்னாலும் அது பூச்சுதான்.

தையல் கடை இருந்த அறையையும் நானே எடுத்துக்கொண்டேன். இப்போது அங்கே நோயாளிகள் பெயர் பதிகிறார்கள். பதிகிறவர் அக்காதான், இடது கையால் எழுதப் பழகிவிட்டார். கை போன பெண்ணுக்கு வாழ்வு கொடுத்த டாக்டர் என்று என்னைப் பற்றி நாலு பேர் சொல்கிறார்கள். அக்காவே வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். கரண்ட் போகும்போது மட்டும் மேசையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். "அந்தாளு நல்லாவே இருக்க மாட்டான் டாக்டரம்மா," என்பார். "விடுங்கக்கா," என்பேன். தினமும் இல்லை, ஆனால் அடிக்கடி.

போன மாதம் ஒரு மதியம் கரண்ட் போனது. நான் படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழே அந்த டிவிஎஸ் சத்தம் கேட்டது. எத்தனை வருடம் கழித்துக் கேட்டாலும் எனக்கு அது தெரியும். என் கிளினிக்கில் இப்போது தொட்டியே கிடையாது. எதற்கு வந்தார்?

அவர் வாசலில் நின்றார். இளைத்திருந்தார். அக்கா அவரை அடையாளம் கண்டு எழுந்தார், மடங்கிய கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினார். உன் கை விளங்காமப் போவும், உன் குடும்பம் வெளங்காது என்றெல்லாம். அவர் தலையைக் குனிந்து முழுக்கக் கேட்டுக்கொண்டார். நான் படியின் பாதியில் நின்றேன். ஒரு வார்த்தை போதும், நான் சொல்ல வேண்டிய ஒரே ஒரு வார்த்தை. கைப்பிடிக் கம்பியை இறுகப் பிடித்தபடி நின்றேன்.

அக்கா மூச்சு வாங்கி நிறுத்தியதும் அவர் கேட்டார்.

"இப்ப நீங்க எந்த எடத்துலம்மா ஒக்காருறீங்க?"

"பாத்தா தெரியல? இங்கதான்."

"மேல யாரு இருக்காங்க?"

"டாக்டரம்மா இருக்காங்க. வேற யாரு?"

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். இந்த முறை கைகளை அல்ல, முகத்தை. பிறகு அக்காவிடம் திரும்பி, பழைய மாதிரியே பொறுமையாகச் சொன்னார்.

"அப்பன்னா மேசய ஒரு கை தூரம் தள்ளிப் போட்டுக்கோங்கம்மா."

வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். கரண்ட் வந்தது. அக்கா ஆத்திரம் தீராமல் என்னைப் பார்த்தார்.

"கேட்டீங்களா டாக்டரம்மா, அந்தாளு சொல்றத?"

"கேட்டேன்க்கா," என்றேன்.